எம். சதாசிவம்

கிங்ஸ்பரி, செவ்வாய்

அன்புள்ள அண்ணைக்கு,

பிள்ளையாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்சிக் கிளைக் கூட்டத்தில் கவுன்சில் வேட்பாளராக உங்களைத் தெரிவுசெய்தது என் எண்ணிக்கை. உங்களுக்கு முப்பத்துமூன்று, எதிர்த்து நின்ற மேனுஷாவுக்கு இருபத்தெட்டு. அவள் மறுபடி எண்ணக் கேட்டபோது, "கோயில் அர்ச்சனைச் சீட்டே எனக்குப் பிழைச்சதில்லை, பிள்ளை" என்றேன். "அன்ரி சொன்னால் சரி" என்று விட்டுவிட்டாள்.

இன்று பஸ் தரிப்பிடத்தில் நம் கிளையில் இருக்கும் பக்கத்து வீட்டு மார்கரெட் ஆங்கிலத்தில் சொன்னார்: "நான் எம். சதாசிவத்துக்குத்தான் போட்டேன். கெட்டிக்காரப் பெண். தோற்றது கவலை."

வீடு வந்து, நான் எண்ணியதை மறுபடி யோசித்துப் பார்த்தேன். அச்சடித்த சீட்டு வராததால் எல்லாரும் வெள்ளைத் தாளில் பெயர் எழுதினார்கள். ஒன்பது தாளில் எம். சதாசிவம் என்று இருந்தது. எம் என்றால் எனக்கு நம் அப்பா முத்தையாதான், சதாசிவம் நீங்கள்தான்; ஒன்பதையும் உங்கள் கணக்கில் சேர்த்தேன். மேனுஷாவின் அப்பா பெயரும் சதாசிவம் என்பதும், வெள்ளைக்காரர் சொந்தப் பெயரைத்தான் முன்னெழுத்தாக்குவார்கள் என்பதும் அப்போது தோன்றவில்லை.

நான் எண்ணும்போது நீங்கள் என் தோளுக்குப் பின்னால் நின்றீர்கள். முப்பது வருடம் இங்கே அலுவலகத்தில் வேலைசெய்தவர், இவர்கள் பெயர் எழுதும் முறை தெரிந்தவர். அதைப்பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஒன்பதில் எத்தனை யாருக்கு என்று இனி எவராலும் சொல்ல ஏலாது. மறுபடி வாக்கெடுக்கச் சொல்லிச் செயலாளருக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு இதை எழுத உட்கார்ந்தேன். முதலே சொல்லி நீங்கள் வேண்டாம் என்றால், நான் உங்கள் பேச்சைக் கேட்டுவிடுவேன், அண்ணை.

உங்கள் பேச்சை முதல்முறை மீறிய
தங்கை