தண்ணீர் கொண்டுபோனவனுக்கு

ஹட் பே,
ஜூலை 6

என் செல்ல மகள் அகிலாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

துருக்கியில் நீ படிக்கும் அந்தப் பழங்காலக் களிமண் பலகையைப் பற்றிக் கேட்டாயே. தண்ணீர் கொண்டுபோனவனுக்காக, அதாவது நீரோடு போய்விட்டவனுக்காக, ஏதோ ஒன்றைச் செய்து, வீட்டில் உட்காரவைத்து, சோறு படைத்து, பிறகு எரிக்க வேண்டுமாம். அந்த ஏதோ ஒன்றுக்கான சொல்தான் யாருக்கும் விளங்கவில்லை, புரொபசர் கூடை என்கிறார் என்றாய். பாமாயில் தோட்டத்தில் குலை வெட்டியவனைப் போய்க் கேட்கிறாளே என்று சிரித்தேன். ஆனால் கேட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. உடல் கிடைக்காதவனுக்குத் தர்ப்பையில் பொம்மை கட்டி எரிப்பார்கள். நம் வீட்டில் செய்யாததால் உனக்குத் தெரியவில்லை.

உன் தம்பி குணா டிங்கிப் படகில் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஆறு வருஷம். இன்றுவரை அம்மா அந்தப் பேச்சையே எடுக்க விட்டதில்லை. நான்தான் புத்தி கெட்டுப்போய் உன் பலகையைச் சொல்லி, அந்தக் காலத்திலேயே செய்திருக்கிறார்கள், நாமும் செய்துவிடலாம் என்றேன். மூன்றாம் நாள் தர்ப்பை வேண்டும் என்றாள். மனசு மாறிவிட்டாள் என்று நம்பி, போர்ட் பிளேயரிலிருந்து கப்பலில் வரவழைத்து, பூசாரிக்கும் சொல்லிவைத்தேன்.

அவளே கட்டினாள். குணா உயரத்துக்கு. அவன் நீலச் சட்டையைப் போட்டு நாற்காலியில் உட்காரவைத்தாள். மீனை முள்ளெடுத்துச் சோறு வைக்கிறாள். இன்றோடு பதினோரு நாள். பூசாரி இரண்டு தடவை வந்து திரும்பிவிட்டார். எரிக்க வேண்டாமா என்றால், "எத்தனை நாள்னு அந்தப் பலகையில இருக்கா? இல்லல்ல. அப்ப சும்மா இருங்க" என்கிறாள். பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மா யார் வந்திருப்பது என்று கேட்டதற்கு, "பேட்டா ஆயா" என்று சிரித்தாள். மகன் வந்துவிட்டானாம். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை அகிலா. அவளுக்கு இது நோயா, மருந்தா? நேற்றுச் சாரல் அடித்தபோது, பொம்மை நனையுமே என்று நானே ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்.

பலகையில் அடுத்த வரி உடைந்துபோயிருக்கிறது என்றாய். அந்தத் துண்டு கிடைத்தால் முதலில் எனக்குச் சொல். வேண்டாம், அம்மாவிடமே சொல்லிவிடு. நீ சொன்னால்தான் கேட்பாள். நாள் குறைவாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லம்மா.

நீ நூறு வயசு நன்றாயிருக்க வேண்டும்.

உன் அப்பா,
யோகராஜ்