கல் எலும்பு

மாமன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்ற மருமகள் கண்ணுக்கு,

சேர்வராயன் மலையின் முடிசூடாத மன்னன், சேலத்து ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எழுதுவது.

போன வருஷம் உனக்கு டயாலிசிஸ் செய்யும் டாக்டர், கிட்னி கெட்டால் எலும்பும் பலமிழக்கும் என்று சொல்லி ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தைப் பிரித்தாரே, நினைவிருக்கிறதா? வெள்ளைக்காரப் பிள்ளைகளின் எலும்புக்கு ஒரு பக்கம், கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம். நம் மலைச் சனத்துக்கு அரை வரிகூட இல்லை. நான் மீசையை முறுக்கினேன்.

"ஏனுங்க டாக்டர், எங்க எலும்பு பாறைங்க! லாரி ஏறுனா லாரிதான் நொறுங்கும்!"

சிரித்தார். எலும்புச் சோதனையைப் பிறகு பார்க்கலாம் என்றார். பத்து வருஷம் படித்தவருக்கு என் புளுகே போதுமாயிருந்தது.

அதன்பின் முழங்கால் வலித்தபோதெல்லாம், "எனக்குத்தான் கல்லெலும்பாச்சே" என்று நீ பல்லைக் கடித்துக்கொண்டாய். நேற்று நாகலூர் பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கினாய். தொடை எலும்பு முறிந்தது. லாரி எதுவும் வரவில்லை.

இன்று அதே டாக்டர் கேட்டார்: "உங்க சனத்துல எலும்பு முறிவு சகஜமா?"

"தெரியாதுங்க. அவகிட்டயே கேளுங்க."

என் ஆயுளில் நான் சொன்ன மிகச் சின்னப் பதில் அதுதான். உன்னிடம் வருவார். வலிக்கிற இடமெல்லாம் சொல்லிவிடு கண்ணு, ஒன்றைக்கூட மறைக்காதே.

நீ கூப்பிடும்வரை வாசலிலேயே இருக்கும்,
உன் புளுகு மாமன்