பெயர் அழித்த பெட்டி

என் தங்கமான மாப்பிள்ளை தாசுக்கு,

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. உன் மேசைக்கடியில் இருந்த கறுப்புப் பெட்டியை இத்தனை வருஷமும் ஸ்டெபிலைசர் என்றே நினைத்திருந்தேன். மேலே டி.வி. மாதிரி இருந்ததுதான் கம்ப்யூட்டர் என்று நினைப்பு. நீ தெருக்காரர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டியில் காலை ஊன்றி, நாற்காலியில் பின்னால் சாய்ந்து ஆடிக்கொண்டே உன்னை வம்புக்கு இழுப்பேனே. ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா?

போன மாதம் கலாதான் சொன்னாள். சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீ கண்ணை மூடிய பிறகு என் தங்கை அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்புறம், "சும்மா தூசு புடிச்சிகினு கீதுண்ணே, வித்துடு" என்றாள்.

நான் படகுக்குப் பெயர் எழுதுகிறவன். நம் காசிமேட்டில் படகு கைமாறினால் என்ன செய்வோம்? பழைய பெயரைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது பெயிண்ட் அடிப்போம். பெயர் போனால் படகு அடுத்தவனுடையது. அதையேதான் செய்தேன். பெட்டியில் நானே சிவப்பில் எழுதிக் கொடுத்த 'தாசு'வைச் சுரண்டினேன். படகுக்கு அடித்து மிஞ்சிய நீலத்தை இரண்டு கை அடித்தேன்.

"உள்ள கீறதெல்லாம் அழிச்சிட்டியாண்ணே?" என்று கலா கேட்டாள்.

உள்ளே என்ன இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒரு எழுத்துகூட இல்ல, போ" என்றேன்.

திருவொற்றியூரில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா வாங்கிப் போனார். மூன்றாம் நாள் பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் திரும்பக் கொண்டுவந்தார்.

"இன்னாம்மா, நீலம் புடிக்கலயா? பச்ச அடிச்சித் தரட்டா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "உங்க தெரு ஜனத்தோட ஆதாரு, பேங்க் புக்கு எல்லாம் இதுல கீதுங்க. உங்க தங்கச்சி ஆஸ்பத்திரிச் சீட்டும் கீது. நானே அழிச்சிருப்பேன். அவுங்கள கேக்காம அழிக்க மனசு வரல."

உன்னிடம் கொடுத்த காகிதம் வெளியே போகாது என்றுதானே தெருவே உன்னைத் தேடி வந்தது? அதைப் பெயிண்ட் அடித்து அனுப்பிவைத்துவிட்டேன், மாப்பிள்ளை.

அந்த அம்மா பெட்டியை உன் மேசைமேல் இருந்த திரையோடு மாட்டித் திறந்து காட்டினார். என்ன சீட்டு என்று கலாவைக் கேட்டேன். திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "மூணு தபா உண்டாச்சிண்ணே. மூணுமே கலைஞ்சி போச்சி. யாரண்டயும் சொல்லாதன்னு நான்தான் அவருகிட்ட சத்தியம் வாங்கினேன்."

விண்ணப்பம் போட வந்த பத்துப் பேர் முன்னால் நான் உன்னைக் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "இன்னா மாப்ள, கம்ப்யூட்டரையே புள்ளையா வளத்துக்கினு கீற, அதுக்கு எப்போ காது குத்தப் போற?" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். கலா உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்ததா? அது எந்த வாரம்? கேட்க எனக்குத் தைரியமில்லை.

தெருக்காரர்களின் காகிதங்களை அந்த அம்மா ஒவ்வொன்றாக அழித்தார். உங்கள் இருவரின் போட்டோக்களை மட்டும் பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தார். "சீட்டுங்கள நானே அழிக்கிறேன்" என்றாள் கலா. நான் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பிறகு பெட்டி திருவொற்றியூருக்கே போய்விட்டது.

நாளைக் காலையில் வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொல்லப் போகிறேன். தப்பு உன் மேல் இல்லை, என் மேல் என்று சொல்வேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன். பிள்ளை இல்லாதவர்களைப் பார்த்து இனி இந்த வாய் திறக்காது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் மேசை முன்னால் உன் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அடுத்த வரியை யோசிக்க, பழக்கதோஷத்தில் காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தேன். ஊன்றப் பெட்டி இல்லை. நாற்காலியோடு மல்லாந்து விழுந்தேன். கலா எட்டிப் பார்த்து, "ஸ்டெபிலைசர வித்தாச்சிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உன் கலாவின் அண்ணன்,
உன் வாயாடி மச்சான்,
முருகேசன்