நடு நாற்காலி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறாளா? நான் சுகம்.

இந்த நாட்டு ஜனங்கள் ஓட்டுப்போட ஆரம்பித்தே பத்து வருஷம்தான் ஆகிறது. அடுத்த மாதம் மூன்றாவது தேர்தல். எங்கள் சலூனில் மூன்று நாற்காலிகள். ஜன்னலோரம் வெட்டுகிறவர் ஆளுங்கட்சி, கதவோரம் வெட்டுகிறவர் எதிர்க்கட்சி. முன்பு முடிவெட்ட வருகிறவர்கள் எது காலியோ அதில் உட்காருவார்கள். இப்போது ஒரு மணி நேரம் காத்திருந்தாவது தங்கள் கட்சிக்காரரிடம்தான் தலையைக் கொடுக்கிறார்கள். நடுவில் நிற்கும் எனக்கு இங்கே ஓட்டில்லை. அதனால் மனசு மாறிக்கொண்டிருப்பவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

போன வாரம், எப்போதும் ஜன்னலோரம் உட்காரும் பள்ளிக்கூட வாத்தியார் என்னிடம் உட்கார்ந்தார்.

"இன்னும் முடிவு பண்ணல. மெதுவா வெட்டுப்பா," என்றார்.

உடனே அவருக்காக மற்ற நாற்காலிக்காரர்கள் இரண்டு பேரும் மல்லுக்கட்டினார்கள். கண்ணாடி உடைந்தது. என் கையில் சின்னக் கீறல்தான், ஆறிவிட்டது. பாதித் தலையோடு ஓடிய வாத்தியார், மறுநாள் தொப்பியோடு வந்து மறுபடி என்னிடமே உட்கார்ந்தார்.

இப்போது ஜன்னலோரத்தாருக்கும் கதவோரத்தாருக்கும் பேச்சில்லை. "அந்தாள்கிட்ட சீப்பைக் கேளு" என்று என்னிடம் சொல்கிறார்கள். நாள் முழுக்க அவர்கள் என்னோடு பேசுவதே அப்படித்தான்.

நம் ஊரில் போன தேர்தலோடு நீங்களும் சித்தப்பாவும் பேச்சை விட்டபோது நான்தானே நடுவில் நடந்தேன். இப்போது யார் நடக்கிறார்கள்?

என் பழைய கத்தரி சித்தப்பாவிடம் இருக்கிறது. யாரையும் அனுப்பாமல் நீங்களே போய் வாங்கி அனுப்புங்கள். ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

இங்கே கத்தரிக்குப் பஞ்சமில்லை அப்பா. இருந்தாலும் நீங்களே போங்கள்.

உங்கள் மகன்