நாலுகால் யந்திரம், பத்து அடி

8-8-83, திங்கள்

புழுக்கம். காவிரியில் தண்ணீர் நிறைய, மாடியில் காற்று இல்லை.

இந்த வாரத்துக்கு:
1. நான்கு கால். ஒரு நேரத்தில் ஒன்றுதான் தூக்க வேண்டும்.
2. வரிசை: இடது பின், இடது முன், வலது பின், வலது முன். பசு நடப்பது போலவே.
3. தலை, வால் தேவையில்லை. நடப்பது கால்களின் வேலை.
4. வெள்ளிக்குள் விழாமல் பத்து அடி. இல்லையேல் குமரேசனுக்கு எழுதிவிட வேண்டும்.

குமரேசன் தொழிற்சாலையில் என்னிடம் வேலை பார்த்தவர், இப்போது கல்லூரிப் பேராசிரியர். சனிக்கிழமைக் கண்காட்சியில் எனக்கு ஒரு மேஜை ஒதுக்கியிருக்கிறார். கேட்டது நானில்லை.

9-8-83, செவ்வாய்

காலை 6.10. பெரியசாமி பசுவை ஓட்டிவந்து வாசலில் கறந்தார். பால் அரை லிட்டர். திரும்பிப் போகும்போது குனிந்து குறித்தேன்: இ.பி., இ.மு., வ.பி., வ.மு. ஐம்பத்திரண்டாம் முறை. மாறவில்லை.

யந்திரமும் அதே வரிசைதான். லாரி வைப்பர் மோட்டார் நான்கும் சரி. ஆனால் முன்கால் தூக்கியதும் குப்புற. அதிகபட்சம் மூன்று அடி. பதினொரு முறை விழுந்தது.

மதியச் சாப்பாடு நான்கு மணிக்கு. மனைவி கமலம் இருந்திருந்தால், "சாப்பிட்டுட்டு விழ விடுங்க" என்பாள்.

10-8-83, புதன்

பாதங்களில் ரப்பர். கால்களை அகட்டி வைத்தேன். நான்கு அடி. பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். முப்பது வருடம் பிறர் வரைந்ததைச் சரிபார்த்தவன். சொந்தமாக ஒன்று செய்யத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை, நானும்.

சாயங்காலம் வீட்டுக்கார மாமி படியேறி வந்தார். "நேத்து பதினோரு தரம் டமால்னுது. இன்னிக்கு சத்தமே காணோம். இருக்கேளான்னு பார்க்க வந்தேன்."

இருக்கிறேன் என்றேன். இன்று பேசியது அது ஒன்றுதான்.

11-8-83, வியாழன்

தூறல். யந்திரம் ஐந்து அடி, பிறகு மூன்று, மூன்று.

குமரேசனுக்குக் கடிதம். முடியவில்லை, மன்னிக்கவும், மேஜையை வேறு யாருக்காவது கொடுக்கவும். தபால் பெட்டியில் போட்டதும் மனம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. குடையைத் தபாலாபீஸ் வாசலிலேயே மறந்து வந்தேன்.

12-8-83, வெள்ளி

பசு நொண்டியது. எந்தக் கால் என்று குனிந்து பார்த்தேன். தெரியவில்லை.

"காலைப் பாக்காதீங்க சார், தலையைப் பாருங்க" என்றார் பெரியசாமி. "நோவுற முன்னங்கால ஊனுறப்ப தலையத் தூக்கும். பாரம் முன்னாடி விழாம பின்னாடி வாங்கிக்கும்."

"நொண்டினால் மட்டுமா?"

"நல்லா நடக்கிறப்பவும் தலைய ஆட்டும். அப்பத் தெரியாது, அவ்வளவுதான். ரெண்டு மாசமா குனிஞ்சே பாக்குறீங்களே, அது மூஞ்சிய ஒரு தடவ பாத்திருக்கீங்களா?"

இல்லை. இன்று பார்த்தேன். நெற்றியில் வெள்ளைச் சுட்டி. இடது காது நுனி கிழிந்திருக்கிறது.

காபிப்பொடி டப்பா, உள்ளே நட்டும் போல்ட்டும், யந்திரத்தின் முன்பக்கம் நீட்டிய ஒரு கம்பியின் முனையில். முன்கால் தூக்கும்போதெல்லாம் டப்பா பின்னால் சாயும்படி கயிறு. முதல் முறை கயிறு அறுந்தது. இரண்டாம் முறை, 11.20: பத்து அடி. பதினொன்று. சுவர் வந்துவிட்டது. விழவில்லை.

கீழிருந்து மாமி: "இன்னிக்கும் சத்தமே இல்லையே?"

"விழலை, மாமி."

"அப்போ மேல வந்து பார்க்கட்டுமா?"

வந்தார். இரண்டு முறை நடக்கவிடச் சொன்னார்.

பிறகுதான் கடிதம் நினைவு வந்தது. பஸ் ஏறிப் புத்தூர், குமரேசன் வீடு. வாசலில் சற்று நேரம் நின்றேன். திரும்பிவிடலாமா என்றும் நினைத்தேன். அதற்குள் அவரே பார்த்துவிட்டார்.

"லெட்டரா? எதுவும் வரலையே சார்."

"நாளைக்கு வரும். அதைப் படிக்க வேண்டாம்."

சிரித்தார். "பிரிக்காம உங்ககிட்டயே குடுத்துடறேன். காலைல எட்டு மணிக்கு வேனோட வரேன், ரெடியா இருங்க."

வீடு திரும்ப ஆறு மணி. டப்பாவின் மூடி ஆடுகிறது, இறுக்க வேண்டும். சட்டை இஸ்திரி.

எண் 3 தவறு. தலை வேண்டும்.