மருந்துச் சட்டை

ஜனவரி 7, செவ்வாய்

இன்று பயாலஜி டீச்சர் இனப்பெருக்கப் பாடம் வந்ததும், "இத வீட்ல நீங்களே படிச்சுக்குங்க" என்று அடுத்த பாடத்துக்குத் தாவிவிட்டார். படித்தேன். விந்தணு உருவாக உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் குறைந்த சூடுதான் வேண்டுமாம்.

அண்ணன் நாள் முழுக்க நிற்பது தளி ரோட்டு ரோஜாத் தோட்டத்தில், பிளாஸ்டிக் குடிலுக்குள். அடுப்பு மாதிரி இருக்கும். காதலர் தினத்துக்குப் பூ அனுப்ப வேண்டுமென்று இப்போது பூச்சிமருந்து அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். அண்ணன் முகத்தில் ஒரு கர்ச்சீப், வாயில் புகையிலை.

ஆனால் குழந்தை இல்லையென்று மாத்திரை அண்ணிக்கு. ஊசி அண்ணிக்கு. விரதமும் அண்ணிக்கு.

ஜனவரி 12, ஞாயிறு

அம்மாவிடம் கேட்டேவிட்டேன். அண்ணனையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லி ஓசூர் டாக்டர் போன வருஷமே சொன்னாராமே?

"ஆம்பளைக்கு எதுக்குடி டெஸ்ட்டு? அவன் கல்லு மாதிரி இருக்கான். பொட்டப்புள்ள பேசற பேச்சா இது?"

பரீட்சையில் எழுதினால் மார்க். வீட்டில் பேசினால் அசிங்கம்!

அண்ணி மருந்து வாடை வீசும் அண்ணன் சட்டையை எங்கள் துணிகளோடு ஒரே பக்கெட்டில் ஊறவைத்தார்.

ஜனவரி 17, வெள்ளி

அண்ணன் டெஸ்டுக்குப் போனான். நான் சொல்லி அல்ல. "நீங்க வரலன்னா இனி நானும் ஊசி போட்டுக்க மாட்டேன்" என்றார் அண்ணி. அவ்வளவுதான்.

ஜனவரி 22, புதன்

குறை அண்ணனிடம். அணுக்கள் ரொம்பக் குறைவாம். அண்ணிக்கு ஒன்றுமே இல்லை. மருந்து, சூடு, புகையிலை எல்லாமே காரணமாக இருக்கலாம், இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து வரச் சொன்னாராம் டாக்டர்.

அம்மா சொன்னது: "வெளிய மூச்சு விட்றாதீங்க. கேக்கறவங்களுக்கு அவளுக்குத்தான்னே இருக்கட்டும்."

இருக்கட்டுமா? எப்படிம்மா உனக்கு வாய் வருது?

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஜனவரி 23

அண்ணனோடு பேசவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

பக்கத்து வீட்டுக் காவியா அக்காவுக்கு வளைகாப்பு. அண்ணி வளையல் போட எழுந்தார். சென்னம்மா அத்தை எல்லோர் முன்னாலும், "நீ இரு சரிதா, பெத்தவங்க போடட்டும்" என்றார். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் கையைக் கிள்ளினார்.

பந்தியில் இருந்த அண்ணன் பாதி இலையில் எழுந்து வந்தான். விரலெல்லாம் சாம்பார்.

"அத்தே, டெஸ்ட்டுல கொற எனக்குத்தான் வந்திருக்கு. அவளுக்கு ஒண்ணுமில்ல. அவ போடட்டும்."

யாரோ சிரித்தார்கள். "ஏன்டா தமிழு, இதப் போயி மைக் வெச்சா சொல்லுவ?" என்றார் ராமப்பன் மாமா.

"இத்தன நாளா அவளப் பத்தி மைக் வெச்சுத்தான மாமா பேசுனீங்க?"

காவியா அக்கா கையை அண்ணி பக்கம் நீட்டினார். பச்சை வளையல். அண்ணி இரண்டு கைக்கும் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மா அழுதாள். மானம் போச்சாம். அண்ணியின் மானம் போனபோது எங்கே போயிருந்தாய்? சமாதானம் சொல்ல நான் போகவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

பேக்கிங் ஷெட்டுக்கு மாற்றச் சொல்லி அண்ணன் கேட்டானாம். "சீசன் முடியட்டும்" என்றாராம் சூப்பர்வைசர். யாரோ யாருக்கோ காதல் சொல்ல, இங்கே இவன் விஷம் குடிக்க வேண்டும்!

காலையில் அண்ணன் குழாயடியில் உட்கார்ந்து, தன் சட்டையைத் தனி பக்கெட்டில் துவைத்தான். சட்டையைவிட அவன்மேல்தான் நுரை அதிகம். அண்ணி வாசற்படியில் காபி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா ரொம்ப நேரம் பார்த்தபடி நின்றாள். வாங்கித் துவைக்கப் போகவில்லை.

அவன் பக்கெட்டைத் தூக்கியதும் மட்டும் சொன்னாள்: "அந்த மருந்துத் தண்ணிய கறிவேப்பிலச் செடிக்கு ஊத்திறாதடா."