பின் டேங்கில் நான் எதையும் ஊற்றவில்லை

அக். 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். அப்பாவின் பிக்கப் மறுபடியும் நடுவழியில் படுத்துவிட்டது. குன்னத்தில் ஏற்றிய வெங்காயம், அரியலூர் போகிற வழி. பத்து நாளில் மூன்றாவது தடவை.

வண்டிக்கு இரண்டு டேங்க். முன் டேங்கில் ஓடினால் சமத்து. சுவிட்சைத் தட்டிப் பின் டேங்குக்கு மாற்றினால் அரை மணி நேரம் ஓடி, இருமி, நின்றுவிடும்.

அப்பா வந்ததும் என்னிடம்தான் முதல் விசாரணை.

"உண்மைய சொல்லு. டேங்க்ல என்னத்தடி ஊத்துன?"

நியாயமான சந்தேகம். என் சாதனைப் பட்டியல் அப்படி:
- பிரேக் அடித்தால் ஹாரன் அலறும்படி வயர் மாற்றியது
- சைலன்சரில் உருளைக்கிழங்கு
- மெக்கானிக் ஆரோக்கியம் அண்ணன் ஷெட் போர்டில் 'பஞ்சர் ஒட்டப்படும்' என்பதை 'பஞ்சர் ஆக்கப்படும்' என்று திருத்தியது

ஆனால் டேங்கைத் தொடவில்லை. சத்தியம் செய்தேன். அம்மா: "ஒன் சத்தியத்துக்கு ஒரு டீ கூட குடுக்க மாட்டாங்க."

தீர்ப்பு: வண்டிப் பக்கமே போகக்கூடாது. பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கலாம் என்று அப்பா சொல்லியிருந்தாரே, அதுவும் ரத்து. இரவு சாப்பாடு இறங்கவில்லை. (இரண்டு தோசை மட்டும்.)

அக். 16, வியாழன்

பள்ளி விட்டதும் நேராக ஷெட். (வண்டியிலிருந்து பத்தடி தள்ளித்தான் நின்றேன்.) பம்பில் மண் இல்லை, சர்க்கரை இல்லை, ஃபில்டரும் சுத்தம். ஆரோக்கியம் அண்ணனே குழம்பிப்போனார். "இங்க நல்லாத்தான் ஓடுது மாமா. ரோட்டுக்குப் போனா சண்டித்தனம் பண்ணுது. புது பம்பு மாத்திருவோம்."

பெரியவர்கள் முன்னால் மட்டும் வண்டி நல்ல பிள்ளை. என் ஜாதி.

அப்பா சொன்னதை மனதில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டு டீசல் இருக்கிறதா என்று பார்ப்பார். மூடுவார். ஸ்டார்ட் ஆகிவிடும். மூன்று தடவையும். ஷெட்டில்? மூடி திறந்தே கிடக்கிறது!

வாயை எடுக்காமல் உறிஞ்சினால் தண்ணீர் பாட்டில் ஒடுங்குமே, அதுதான். டேங்குக்குள் காற்று போகவில்லை. பம்ப் நிரபராதி. நானும்.

"மூடிய கொஞ்சம் லூசா வச்சு ஓட்டிப் பாருங்கப்பா."

"ஏன், டீசல் ரோடெல்லாம் ஊத்தவா? நல்ல பிளான்."

அக். 18, சனி

வெயில். புது பம்ப் வாங்குவதற்கு முன் ஒரு ரவுண்டு. "பாப்பாவும் வரட்டும் மாமா" என்றார் ஆரோக்கியம் அண்ணன். வாழ்க!

செந்துறை ரோடு, பின் டேங்க். அரை மணி. இருமல். நின்றது.

இறங்கினேன். "ரெண்டு பேரும் காத கிட்ட வைங்க." மூடியைத் திருகினேன்.

உஸ்ஸ்ஸ்ஸ்ஸ்.

டேங்க் மூச்சு இழுத்தது.

டேங்க் மேல் காற்றுக்கென்று ஒரு சின்னக் குழாய் உண்டு. அதன் வாயில் சிமெண்ட், கல்லாய்! அரியலூரிலிருந்து திரும்பும்போது அப்பா ரெட்டிபாளையத்தில் ஏற்றி வருகிற சிமெண்ட் மூட்டை ஏதோ கிழிந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றிக் கலவை போடுகிற வேலையை மழை பார்த்துக்கொண்டது. ஆணி வைத்து நானே குத்தி எடுத்தேன். ஆரோக்கியம் அண்ணன் டார்ச் பிடித்தார். (அவர்! எனக்கு!)

அப்படியே அரியலூர் வரை பின் டேங்கிலேயே. ஒரு இருமல் இல்லை.

மார்க்கெட்டில் யாரோ: "பம்பு மாத்திட்டியாப்பா?"

அப்பா: "பம்பு நல்லாத்தான் இருக்கு. எம் பொண்ணு கண்டுபுடிச்சா."

கேட்காத இன்னும் இரண்டு பேரிடமும் சொன்னார். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

திரும்பும்போது, ரோட்டை விட்டுக் கண் எடுக்காமல்: "பாலிடெக்னிக்ல ஃபாரம் எப்ப குடுப்பாங்கன்னு விசாரிச்சு வை."

போன வருடமே விசாரித்தாயிற்று.